யூரியா போட்ட மறுநாள் மழை: நாஞ்சில் வயலில் தழைச்சத்துக் கணக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் உரக்கடை வாசலில் தவறாமல் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. “நேத்து சாயங்காலம்தான் யூரியா வீசினோம், ராத்திரியே மழை கொட்டிட்டு. திரும்பவும் போடணுமா?” போடு என்பதும் அவசரப் பதில், வேண்டாம் என்பதும் அவசரப் பதில். உரம் வீசி எத்தனை மணி நேரம் ஆனது, அப்போது வயலில் எவ்வளவு தண்ணீர் நின்றது, மழையில் வரப்பு வழிந்ததா என்று மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகுதான் பதில் சொல்ல முடியும்.

நாஞ்சில் நாடு அடங்கிய கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி ஆண்டுக்கு இரண்டு முறை வரும். தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, இங்கே தென்மேற்குப் பருவமழையும் கணிசமாகப் பெய்கிறது. நெல்லுக்கும் அதற்கேற்ப இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கன்னிப்பூ சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாசியில் அறுவடைக்கு வரும். கும்பப்பூவை அதன் பின் நட்டு மாசியில் அறுப்பார்கள். மலையாள ஆண்டின் கன்னி நமக்குப் புரட்டாசி, கும்பம் நமக்கு மாசி. அறுக்கும் மாதத்தின் பெயரே பூவுக்கும் பெயராகிவிட்டது. முதல் பூவில் தென்மேற்கு மழையும் காற்றும், இரண்டாம் பூவில் வடகிழக்கு மழையும், பயிர் தூர் கட்டும் (அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடும்) நாட்களில்தான், அதாவது தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம் தேவைப்படும் நாட்களில்தான், வந்து விழுகின்றன. பேச்சிப்பாறை மலையடிவாரத்தில் கொட்டுகிற நாளில் அகஸ்தீஸ்வரம் பக்கம் வெயில் அடிப்பதும் உண்டு. மாவட்டம் முழுமைக்குமான ஒரு வரி வானிலை அறிவிப்பை மட்டும் நம்பி மூட்டையைப் பிரிக்க முடியாது.

உரத்தின் அளவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, உரம் விழுந்த பின் வருகிற மூன்று நாட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லாபமும் நட்டமும் பெரும்பாலும் அந்த மூன்று நாட்களில்தான் முடிவாகின்றன.

யூரியா தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். கரைந்த யூரியாவுக்கு மின்னேற்றம் கிடையாது, ஆகவே மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. தண்ணீர் போகிற வழியில் அதுவும் போகும். மண்ணில் இருக்கும் யூரியேஸ் நொதி அதை அமோனியமாக மாற்றினால்தான் களிமண் துகள்கள் பற்றிக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்தில் இந்த மாற்றத்தின் பெரும்பகுதி இரண்டு முதல் நான்கு நாட்களில் முடிந்துவிடும். அதற்குள் வரப்பு வழிந்தால் போட்ட உரம் ஆற்றில் கரைத்த புளிதான். நான்கைந்து நாள் கழித்து அதே மழை பெய்தால், களிப்பான வயலில் இழப்பு குறைவு. கடலோர மணற்பாங்கில் அப்போதும் கொஞ்சம் கீழே இறங்கிப் போகும், ஏனென்றால் அங்கே பிடித்துக்கொள்ளக் களி இல்லை.

மழை இல்லாவிட்டால் உரம் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கத்துக் கன்னிப்பூ வயல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் கணவாய் வழியே வருகிற காற்றுக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. வயலில் தேங்கிய தண்ணீரில் பாசி இருந்தால், வெயில் ஏற ஏற அது நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவை உறிஞ்சும். நண்பகலில் நீரின் காரத்தன்மை கூடும். காரம் கூடிய நீரில் அமோனியம் அமோனியா வாயுவாக மாறும், மேலே அடிக்கிற காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். காலை 10 மணிக்கு, முழங்கால் பாதியளவு தண்ணீரில், காற்றடிக்கும் நாளில் யூரியா வீசுவதைவிட மோசமான முறை இல்லை. ஒரு துளி மழையும் பெய்திருக்காது, வரப்பும் வழிந்திருக்காது, ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பயிர் அப்படியே வெளிறி நிற்கும். கடைக்காரர் கலப்பட மூட்டை கொடுத்துவிட்டார் என்ற பேச்சும் அங்கேதான் கிளம்புகிறது.

வேம்பு பூசிய யூரியாவாயிற்றே என்று கேட்கலாம். 2015 முதல் நாட்டில் தயாராகும் மானிய யூரியா ஏறக்குறைய எல்லாமே வேம்பு பூசியதுதான். ஆனால் வேப்பெண்ணெயின் முக்கிய வேலை, மண்ணில் உருவான அமோனியம் அடுத்து நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துவது. அது இரண்டாம் கட்டம். முதல் மூன்று நாள் வெள்ளத்துக்கும் காற்றுக்கும் அது பெரிய காவல் அல்ல.

சரி, எப்படி வீசுவது? வயலின் தண்ணீரை வடித்து, தொளி (உழுது கலக்கிய சேறு) மினுமினுக்கிற ஈரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கால் புதைய வேண்டும், ஆனால் மேலே தண்ணீர் தளும்பக் கூடாது. மாலை 4 மணிக்குப் பிறகு, இலையில் ஈரம் இல்லாதபோது வீசுங்கள். உரத்தை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை நீளவாக்கிலும் மறு பங்கை அகலவாக்கிலும் வீசினால் திட்டுத் திட்டாக விழாது. மறுநாள் மாலை 2 முதல் 3 சென்டிமீட்டர் தண்ணீர் கட்டுங்கள். அந்தத் தண்ணீர் உரத்தை மண்ணுக்குள் இழுத்துச் செல்லும். அதன் பின் மூன்று நாள் மேல் மடையும் கீழ் மடையும் அடைபட்டிருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரிதான் இங்கே கஷ்டம். கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஏலாக்களில் (தொடர்ச்சியான வயல் பரப்புகளில்) ஒரு வயலின் கீழ் மடைத் தண்ணீர்தான் அடுத்த வயலுக்குப் பாசனம். மேல் வயல்காரர் உரம் போட்டுவிட்டு மடையைத் திறந்தே வைத்தால் அவர் காசில் கீழ் வயல் கரும்பச்சையாகச் செழிக்கும். மேல் வயல்காரர் மூன்று நாள் அடைத்தால் கீழ் வயல்காரர் சண்டைக்கு வருவார். ஒரே ஏலாவில் உள்ளவர்கள் ஒரே நாளில் உரம் வீசி, ஒன்றாக அடைத்து, ஒன்றாகத் திறப்பது ஒன்றே வழி. பேசி முடிக்க வேண்டிய காரியம் இது, எந்தத் தொழில்நுட்பமும் இதற்கு மாற்று இல்லை.

வரப்பு விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 40,000 லிட்டர். வரப்பு 15 சென்டிமீட்டர் உயரம் இருந்து வயலில் 2 சென்டிமீட்டர் தண்ணீர் மட்டும் நின்றால், 130 மில்லிமீட்டர் மழை வரை வயலே தாங்கும். அதே வயலில் ஏற்கெனவே 8 சென்டிமீட்டர் நின்றிருந்தால் 70 மில்லிமீட்டரிலேயே வழியத் தொடங்கும். மேல் வயலிலிருந்து வருகிற நீரை இதில் சேர்க்கவில்லை. அண்டை வெட்டி (வரப்போரத்தைச் செதுக்கிச் சேறு பூசி) வரப்பை ஒரு சாண் உயர்த்துகிற கூலியை, வழிந்து போகிற உரத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நண்டு வளை இருக்கிற வரப்புக்கு எந்தக் கணக்கும் செல்லாது என்பது வேறு விஷயம்.

இனி அளவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காவிரி டெல்டா, கோவை தவிர்த்த பகுதிகளில் குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, 40 மணிச்சத்து (பாஸ்பரஸ்), 40 சாம்பல் சத்து (பொட்டாசியம்) என்று பொதுப் பரிந்துரை வைத்திருக்கிறது. மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் அதுவே முதன்மை. இந்தப் பொதுப் பரிந்துரையை ஏக்கருக்கு மாற்றினால் 48:16:16. மணிச்சத்துக்காக டி.ஏ.பி. (டைஅமோனியம் பாஸ்பேட்) 35 கிலோ போட்டால் அதிலேயே 6.3 கிலோ தழைச்சத்து வந்துவிடும். மீதி 41.7 கிலோவுக்கு யூரியா 90 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் சரியாக இரண்டு. பொட்டாஷ் 27 கிலோ. டி.ஏ.பி.யில் உள்ள தழைச்சத்தைக் கழிக்க மறந்து மூன்றாவது மூட்டையை வாங்குகிறவர்கள் ஏராளம். மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது கை தாராளமாகத்தான் போகும்.

வழக்கமான பரிந்துரை தழைச்சத்தை நான்கு சம பங்காக்கி அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று கொடுக்கச் சொல்கிறது. வானம் ஒழுங்காக இருக்கும்போது இது நல்ல முறைதான். வானம் ஒழுங்கில்லாதபோது நாட்காட்டியைப் பார்த்து உரம் போடுவது சூதாட்டம். எங்கள் கருத்து இது: அடியுரத்தில் யூரியா வேண்டாம். முழு டி.ஏ.பி.யும் பாதிப் பொட்டாஷும் கடைசித் தொளி அடிக்கும்போது மண்ணில் கலந்துவிடட்டும். நட்ட முதல் பத்து நாள் ஞாறு, அதாவது நாற்று, வேர் பிடிக்கத்தான் பாடுபடும், பெரிதாகத் தழைச்சத்து எடுக்காது. அந்த நாட்களுக்கு டி.ஏ.பி.யில் வந்த ஆறு கிலோவே போதும். இரண்டு மூட்டை யூரியாவும் கையில் இருக்கட்டும். வயலில் போட்ட உரத்தைத் திரும்ப எடுக்க முடியாது, மூட்டையில் இருக்கிற உரத்தை எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

எப்போது என்பதை இலையிடம் கேட்க வேண்டும். இலை வண்ண அட்டை என்பது ஒரு முழத்துக்கும் குறைவான பிளாஸ்டிக் பட்டை. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நிறக்கட்டங்கள் இருக்கும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அட்டையில் 2 முதல் 5 வரை நான்கு கட்டம், ஆறு கட்டம் உள்ள அட்டையும் புழக்கத்தில் உண்டு. நட்ட 14ஆம் நாளிலிருந்து பயிர் பூக்கத் தொடங்கும் வரை வாரம் ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள் பார்க்க வேண்டும். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, உங்கள் நிழல் அட்டை மேல் விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். நேர் வெயில் பட்டால் எல்லா இலையும் வெளிறித்தான் தெரியும். குத்தின் (ஓரிடத்தில் சேர்ந்து நிற்கும் பயிர்க் கொத்தின்) உச்சியில் முழுதாக விரிந்த இலையைப் பறிக்காமல், அதன் நடுப்பகுதியைக் கட்டத்தின் மேல் கிடத்தி ஒப்பிடுங்கள். நிறம் 3க்கும் 4க்கும் இடையில் இருந்தால் 3.5 என்று எழுதிக்கொள்ளுங்கள். வரப்போரக் குத்துகளையும் பூச்சி கடித்த இலைகளையும் விட்டுவிட்டு, வயலுக்குள் நடந்து பத்து இலை பார்க்க வேண்டும். பத்தில் ஆறு இலை 4க்குக் கீழே இருந்தால் யூரியா போடும் நேரம் வந்துவிட்டது. வெள்ளைப் பொன்னி போல உரத்துக்குச் சாய்கிற ரகங்களுக்கு இந்த எல்லை 3. அம்பை 16, திருப்பதிசாரம் 5 போன்றவற்றுக்கு 4 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவைக்குக் குறுகிய கால ரகத்துக்கு ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 30 கிலோ யூரியா. மத்திய, நீண்ட கால ரகத்துக்கு 26 கிலோ யூரியா. மூன்று தடவை போட்டால் குறுகிய கால ரகத்தின் இரண்டு மூட்டையும் தீர்ந்துவிடும். ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது. அப்பா கண்ணுக்கு 4 ஆகத் தெரிவது மகன் கண்ணுக்கு 3.5 ஆகத் தெரியும்.

அட்டை ‘போடு’ என்கிறது, வானம் ‘பொறு’ என்கிறது. அப்போது? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வேளாண் வானிலை அறிவுரை வாரத்துக்கு இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், ஐந்து நாள் முன்னறிவிப்போடு வருகிறது. மேகதூத் செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். அடுத்த இரண்டு நாளில் கனமழை என்றால் ஒத்திப் போடுங்கள். தூர் கட்டும் பருவத்தில் நான்கைந்து நாள் தாமதம் பயிருக்குப் பெரிய விஷயமே இல்லை. லேசான மழைக்கு அஞ்ச வேண்டாம், வரப்புக்குள் நிற்கும் மழை உரத்தை மண்ணுக்குள் இறக்கவே செய்யும்.

ஆனால் ஒரு பருவம் மட்டும் காத்திருக்காது. கதிர் உருவாகும் தருணத்தில்தான் ஒரு கதிரில் எத்தனை மணி என்பது முடிவாகிறது. அந்த நேரத்தில் பசித்த பயிருக்குப் பத்து நாள் கழித்து எவ்வளவு கொட்டினாலும் மணி எண்ணிக்கை திரும்பாது. அம்பை 16 போல 110 முதல் 115 நாள் ரகத்தில் விதைத்த 50 முதல் 55 நாளில் இது வரும். குளிரும் மேகமும் இருந்தால் சில நாள் முன்பின் ஆகும். நாளை எண்ணுவதைவிடத் தண்டைப் பிளந்து பார்ப்பது உறுதி. குத்தில் தடித்த தாய்த்தூரை அடியோடு பிடுங்கி, வேர்ப்பகுதியை நறுக்கிவிட்டு, பிளேடால் அடியிலிருந்து நெடுக்காகப் பிளந்தால், கடைசிக் கணுவுக்கு மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் பஞ்சு நுனி போல வெள்ளையாக ஒன்று தெரியும். அதுதான் கதிர். ஐந்து தூரில் மூன்றில் தெரிந்தால், மழை விட்ட முதல் இடைவெளியிலேயே யூரியாவும் மீதிப் பொட்டாஷும் போய்ச் சேர வேண்டும். மழை விடவே இல்லை, வயலுக்குள் தண்ணீர் வடியவும் இல்லை என்றால் இலை வழியாகக் கொடுக்கலாம். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முந்தின நாளே 20 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, தெளிவை வடிகட்டி, 2 கிலோ யூரியாவும் 2 கிலோ பொட்டாஷும் சேர்த்து, மொத்தம் 200 லிட்டராக்கி, மழை இல்லாத நாலு மணி நேரம் பார்த்துத் தெளிப்பது வழக்கம். இது தாகத்துக்கு ஒரு மிடறு, சாப்பாடு அல்ல.

இதே இடத்தில் இலையில் தெளிக்கும் திரவமான நானோ யூரியா பற்றியும் ஒரு வார்த்தை. 2021இல் வந்த 500 மில்லி பாட்டிலில் 4 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிராம். பின்னால் வந்த 20 சதவீத வகையில் 100 கிராம். ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ. தெளிப்பாகப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்கு ஈடு என்று நம்பி மூட்டையைக் குறைப்பவர் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டுக் குறைக்கட்டும்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். உரம் வீசி ஒரு நாளுக்குள் மழை, வரப்பும் வழிந்துவிட்டது என்றால் பெரும்பகுதி போய்விட்டது என்றே கொள்ளலாம். ஆனாலும் மறுநாளே திரும்ப வீசக் கூடாது. தண்ணீரை வடித்து, மூன்று முதல் ஐந்து நாள் வேர் மூச்சு விடட்டும். மூழ்கிய வேர் உரத்தை எடுக்காது, அதற்குள் இன்னொரு மழை வந்தால் இரண்டாவது மூட்டையும் போச்சு. புது இலை விரிந்ததும் அட்டையை வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெள்ளத்துக்குப் பின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் இரவு முழுக்கக் கலந்து வைத்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து வீசுவது வேளாண் துறை வழக்கமாகச் சொல்லும் முறை. வீசி நான்கு நாளுக்கு மேல் ஆகியிருந்தாலோ, மழை பெய்தும் வரப்பு வழியவில்லை என்றாலோ, எதுவும் செய்ய வேண்டாம்.

வெள்ளம் வடிந்ததும் பயிர் மஞ்சளாகத் தெரிந்தால் உடனே தழைச்சத்துக் குறை என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. தழைச்சத்துக் குறை அடியிலையின் நுனியில் தொடங்கி, வயல் முழுக்க ஒரே மாதிரி வெளிறும். இளம் இலை முதலில் மஞ்சளானால் கந்தகக் குறையைச் சந்தேகிக்கலாம், ஜிப்சம் கேட்கும். செம்மண் சரிவின் அடியில் ஊற்று கசிகிற தாழ்ந்த வயல்களில் தண்ணீர் மேல் துருப்பிடித்த எண்ணெய் போல ஒரு படலம் மிதந்தால், அடியிலைகளில் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளிகள் பரவினால், குத்தைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாக இல்லாமல் துருவேறிக் கறுத்திருந்தால் அது இரும்பு நஞ்சு. அதற்கு யூரியா மருந்தல்ல. தண்ணீரை வடித்து வயலைக் காயவிட வேண்டும், பொட்டாஷ் கூட வேண்டும்.

வெள்ளம் போன கையோடு வறட்சி வருவதும் இங்கே நடக்கும். 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தில் பல இடங்களில் கால்வாய்க் கரைகள் உடைந்தன. கரை உடைந்தால் முழுகிய வயலுக்கே அடுத்த வாரம் தண்ணீர் இராது. கடைமடைகளில் இது சாதாரண ஆண்டிலும் உண்டு. வயல் காய்ந்து வெடித்தால் மண்ணிலுள்ள அமோனியம் முழுக்க நைட்ரேட்டாகத் தொடங்கும், திரும்பத் தண்ணீர் கட்டியதும் அந்த நைட்ரேட் வாயுவாகி வெளியேறும். ஆகவே தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடையில் ஒரே தடவையாக அதிகம் போடவே கூடாது. ஒரு தடவைக்கான 26 கிலோ யூரியாவை இரண்டு 13 கிலோவாகப் பிரிப்பது கூலியைக் கூட்டும்தான், ஆனாலும் அதுதான் சரி.

கன்னிப்பூவில் பொடி விதைப்பு செய்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கோடை மழை ஈரத்தில் புழுதியில் விதைத்து, விதையோடு யூரியாவையும் போட்டால், அது வறண்ட மண்ணில் நைட்ரேட்டாகிக் காத்திருந்து, ஜூனில் அணைத் தண்ணீரோ மழையோ வந்து வயல் நிறைந்ததும் காணாமல் போகும், அதுவரை களைதான் கொழுக்கும். முளைத்து 20 முதல் 25 நாளில், களை எடுத்து முடித்து, ஈரம் நிச்சயமான பிறகு முதல் உரம். அதிலும் வாரக்கணக்கில் மேகம் மூடிக் கிடக்கிற ஆடியில் இலை கறுப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம். வெயில் இல்லாமல் அந்தப் பச்சையை மணியாக்கப் பயிரால் முடியாது. இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையான் பூச்சிக்கும்தான் அது விருந்து. ஆரல்வாய்மொழிக் காற்றில் முதலில் படுப்பதும் அந்தக் கறுத்த வயல்தான்.

கும்பப்பூவின் கடைசிப் பங்கு, கதிர் வெளிவரும் நேரத்தில் போடுவது, பலருக்கும் தேவையே இல்லை. மார்கழி, தையில் இரவில் குளிர்ந்து காலையில் இலையெல்லாம் பனி சொட்டும் நாட்களில், கரும்பச்சையாக நிற்கிற பயிருக்குக் கழுத்துக் குலை நோய் எளிதில் பிடிக்கும். அட்டையில் 4 காட்டுகிற வயலில் அந்தப் பங்கைத் துணிந்து நிறுத்துங்கள். பக்கத்து வயலைவிட ஒரு சாயல் வெளிறித் தெரிந்தால் கௌரவக் குறைச்சல் இல்லை.

அப்படி மீந்த யூரியா அடுத்த கன்னிப்பூவுக்கு ஆகும், காற்றுப் படாமல் வைத்தால். காற்றின் ஈரப்பதம் 70–75 சதவீதத்தைத் தாண்டினாலே 30 பாகை வெப்பத்தில் யூரியா ஈரம் குடிக்கத் தொடங்கும், கடலோர மாவட்டத்தில் அது பெரும்பாலான நாட்களின் கதை. பிரித்த மூட்டையின் உள்பையை முறுக்கிக் கட்டி, சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்க வேண்டும். கட்டி தட்டிவிட்டால் உடைத்துச் சல்லடையில் சலித்த பிறகே வீச வேண்டும், இல்லாவிட்டால் கட்டி விழுந்த இடம் கருகும், விழாத இடம் வெளிறும். பொட்டாஷோடு கலந்து வைத்து மறுநாள் போடலாம் என்று விட்டால் காலையில் சாக்கில் கூழ்தான் இருக்கும்.